பஜ்ஜிக் கடை ஏழாம் நம்பர்

அனுப்பிரியாவைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனால் அவள் எழுதமாட்டாள். எழுதினாலும் நடந்ததை நடந்தபடி, தேதி போட்டு, நான்கு வரியில் முடித்துவிடுவாள். யார் மேலும் கோபப்படமாட்டாள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. எனக்கு எல்லார் மேலும் கோபம் இருக்கிறது. முதல் ஆளாக என் மேல்.

தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் நாங்கள் இருவரும் பி.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி படித்தோம். நான் ரோஹிணி, அஸ்தினாபுரத்திலிருந்து வருகிறவள். வேறு எந்தப் பாடமும் கிடைக்காததால் அங்கே போய்ச் சேர்ந்தேன். அவள் கேட்டு வாங்கிச் சேர்ந்தாள். வகுப்பில் இருந்த அறுபது பேரில் அந்தப் பாடத்தை முதல் விருப்பமாக எழுதியவள் அவள் ஒருத்திதான் என்று நாங்கள் கேலி செய்வோம். அவள் சிரித்துக்கொண்டு சும்மா இருப்பாள்.

அவள் வீடு பீர்க்கன்கரணையில். அப்பா சம்பந்தத்தின் குடும்பம் ஏரிக்குக் கீழே பயிர் வைத்த குடும்பம். வயலெல்லாம் மனையாகிப் போன பிறகு அவர் ரோட்டோரத்தில் ஹாலோ பிளாக் கல் விற்கிறார். அந்த வீட்டில் அவளுக்கு முன்னால் யாரும் பிளஸ் டூ தாண்டியதில்லை. "எம் பொண்ணு காலேஜ்ல கிருமி படிக்குது" என்று அவள் அம்மா பச்சையம்மா பக்கத்து வீட்டில் சொன்னதை ஒருமுறை நானே கேட்டேன். அது பெருமையா கவலையா என்று அந்தக் குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை.

கல்லூரி லேப் என்பது முப்பது பேர் நெருக்கியடித்து நின்று, ஏற்கெனவே தெரிந்த விடையை ரெக்கார்டு நோட்டில் எழுதும் இடம். விடை வராவிட்டாலும் பாதகமில்லை, சீனியர் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். நான் மூன்று வருடமும் அப்படித்தான் எழுதினேன். முழு மார்க்கும் வாங்கினேன். அனுப்பிரியாவுக்கு அது ஆகாது. அவள் சோதனை சரியாக வராவிட்டால் வரவில்லை என்றே எழுதி, மார்க்கைக் கோட்டைவிடுவாள்.

"விடை யாருக்கும் தெரியாத ஒண்ண ஒரு தடவையாவது பண்ணிப் பாக்கணும்டி," என்பாள்.

"ஏன், தெரிஞ்சதையே பண்ண முடியல நமக்கு."

"அதுக்கு இல்லடி. தெரிஞ்ச விடையத் திருப்பித் திருப்பி எழுதறதுக்கு நான் இன்னாத்துக்கு?"

எங்கள் துறையில் ஆராய்ச்சி என்று ஏதாவது செய்கிறவர் சூர்யநாராயணன் சார் ஒருவர்தான். அவரிடம் போய், வகுப்பு முடிந்த பிறகு லேப்பில் வேலை கற்றுக்கொள்கிறோம் என்று பதினான்கு பேர் பெயர் கொடுத்தோம். சர்டிபிகேட் கிடைக்கும் என்று நானும் கொடுத்தேன். அவர் கோபப்படவும் இல்லை, சந்தோஷப்படவும் இல்லை. "ஒரு மாசம் கண்ணாடி கழுவுங்க. அப்புறம் பேசலாம்," என்றார். காய்ந்துபோன தட்டுகள், பாசி பிடித்த குடுவைகள், சோப்புத் தண்ணீர். நான்கு நாளில் என் கைத்தோல் உரிந்தது. ஐந்தாம் நாள் எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது, அதாவது வந்துவிட்டதாகச் சொன்னேன். மாதக் கடைசியில் கழுவும் தொட்டிக்கு முன்னால் நின்றவள் அனுப்பிரியா ஒருத்திதான்.

அவள் எடுத்துக்கொண்ட வேலை எண்ணெயைத் தின்னும் கிருமியைக் கண்டுபிடிப்பது. எண்ணெய் அதிகம் சேரும் மண்ணில் அப்படிப்பட்ட கிருமி இருக்கும் என்று அவளே படித்துத் தெரிந்துகொண்டு, பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் இருந்த பஜ்ஜிக் கடைப் பின்பக்கச் சாக்கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். பல வருடங்களாகச் சட்டி கழுவிய தண்ணீர் அங்கேதான் ஓடியிருக்கிறது. மண் கறுத்து, மெழுகு போலக் கிடந்தது. அவள் துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்து, ஸ்பூனால் வழித்துச் சின்னப் பாட்டிலில் போட்டாள். கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, மோதிரம் வுழுந்துட்ச்சா?"

"இல்லண்ணா. கிருமி எடுக்கறேன்."

"கிருமியா? ஐயோ, தாயே! சாயங்கால யாவாரம். மெதுவாப் பேசும்மா!"

அன்றைக்கு அவர் எங்கள் இருவருக்கும் மிளகாய் பஜ்ஜி கொடுத்து அனுப்பினார். வெளியில் சொல்லாமல் இருப்பதற்காக என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு அவளை வகுப்பு நேரம் தவிர மற்ற நேரத்தில் பார்க்கவேண்டுமென்றால் லேப்புக்குத்தான் போகவேண்டும். வட்டமான கண்ணாடித் தட்டில் கிருமிக்கு உணவாக ஒரு ஜெல்லி ஊற்றி உறையவைப்பார்கள். அதில் எண்ணெய் கலந்தால் நீர்மோர் போல வெளுத்திருக்கும். எண்ணெயைத் தின்கிற கிருமி அதில் வளர்ந்தால், அதைச் சுற்றி மட்டும் வெளுப்பு போய்த் தெளிவான வட்டம் விழும். வட்டம் பெரிதானால் கிருமி பெரிய சாப்பாட்டு ராமன் என்று அர்த்தம். அந்தச் சாக்கடையிலிருந்து பதினோரு வகை பிரித்தெடுத்தாள். அதில் பத்து ஒன்றும் பிரமாதமில்லை, ஐந்து மில்லிமீட்டர், ஏழு மில்லிமீட்டர் என்று ஏதோ சாப்பிட்டேன் என்று பேருக்குச் சாப்பிட்டவை. ஏழாம் நம்பர் மட்டும் இருபத்திரண்டு.

அந்தத் தட்டை அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எனக்குக் காட்டியது நினைவிருக்கிறது. நடுவில் மஞ்சள் பொட்டு, சுற்றிலும் கண்ணாடி போல வட்டம்.

"யாரும் இத பாத்ததில்லடி. நான்தான் மொதல்ல பாக்கறேன்," என்றாள்.

எனக்கு அதில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அப்படி ஒரு சந்தோஷம் என் வாழ்க்கையில் அதுவரை எதற்கும் எனக்கு வந்ததில்லை.

சூர்யநாராயணன் சார் தட்டைப் பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் சொந்த ஸ்கேல் கொண்டுவந்து அளந்தார். இன்னொரு முறை செய்யச் சொல்லி அதையும் அளந்தார். பிறகு, நகரத்தில் ஒரு பெரிய ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த தன் பழைய வகுப்புத் தோழிக்கு எழுதினார். அந்த மேடம் ஒப்புக்கொண்டார். டிசம்பரில் ஆறு வாரம். அவர்கள் லேப்பில் ஓர் இடம் இருக்கிறது, அனுப்பிரியா அங்கே உட்கார்ந்து அந்தக் கிருமி எது, அது எண்ணெயை எப்படித் தின்கிறது என்று தானே கண்டுபிடிக்கலாம். ஒரே நிபந்தனை, அக்டோபர் இரண்டாம் வாரத்துப் புதன்கிழமைக்குள் ஏழாம் நம்பரை உயிரோடு கொண்டுவந்து ஒப்படைக்கவேண்டும். முன்கூட்டி வளர்த்து, அது சுத்தமாக இருக்கிறதா என்று அவர்கள் பார்ப்பார்கள். வேறு கல்லூரிகளிலிருந்தும் அந்த இடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆறு வாரம் என்பது எங்களுக்கு ஒரு செமஸ்டர் லீவு. அவளுக்கு அப்படியில்லை. படப்பையில் அவள் மாமா மோகன்ராஜ் தண்ணீர் கேன் கம்பெனி வைத்திருந்தார். டிகிரி முடித்ததும் அங்கே தண்ணீர் பரிசோதிக்கும் வேலை அவளுக்கென்று வைத்திருந்தார். அப்பா அதற்குத் தலையாட்டியும் விட்டார். யாரும் அவளைக் கொடுமைப்படுத்தவில்லை, வீட்டுப் பெண்ணுக்கு வீட்டு ஆளே வேலை கொடுக்கிறார் என்று எல்லாருக்கும் சந்தோஷம். எம்.எஸ்ஸி. படிக்கவேண்டும் என்று அவள் ஒருத்திதான் நினைத்துக்கொண்டிருந்தாள். அதையும் வாயைத் திறந்து சொல்லவில்லை.

"டிசம்பர்ல அங்க போய் வேலை பண்ணிட்டு வந்துட்டேன்னா, அப்பாகிட்ட கேக்க எனக்கு வாய் வரும்டி. சும்மா போய் இன்னான்னு கேப்பேன்? எனக்குக் கிருமி புடிக்கும்ப்பான்னா?"

ஆக, ஏழாம் நம்பர் உயிரோடு இருக்கவேண்டும். அவ்வளவுதான்.

அதை ஆறு கண்ணாடிக் குழாய்களில் வளர்த்து ஃப்ரிட்ஜில் வைத்திருந்தாள். இப்படி வளர்த்து வைப்பதைக் கல்ச்சர் என்போம். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்காதே என்று சார் சொல்லியிருந்தார். இரண்டாவது இடம் எது என்று சொல்லவில்லை. டீப் ஃப்ரீசர் ஜூலையிலிருந்து ரிப்பேர், மெக்கானிக் வருகிறார், வருகிறார், வந்துகொண்டே இருக்கிறார். குழாய்களை நிறுத்தும் ஸ்டாண்டுகள் முதல் வருட மாணவர்கள் செய்முறைக்குப் போய்விட்டன. அதனால் அவள் வீட்டிலிருந்து ஓர் எவர்சில்வர் டம்ளர் கொண்டுவந்தாள். கல்யாணத்துக்கு வந்த பாத்திரம், பக்கத்தில் பச்சையம்மா என்று பெயர் வெட்டியிருக்கும். ஆறு குழாய்களும் அந்த டம்ளரில் பூங்கொத்து மாதிரி நிற்கும். எந்தக் குழாயிலும் பெரிதாக லேபிள் இல்லை, பேனாவால் 7 என்று மட்டும் எழுதியிருப்பாள். அவள் ஒருத்தி மட்டும் வேலை செய்கிற இடத்தில் வேறு எதற்கு என்று நினைத்துவிட்டாள்.

ஆயுத பூஜை வந்தது. அதைத் தொடர்ந்து விஜயதசமி, வாரக் கடைசி, கல்லூரி கூடுதலாக விட்ட ஒரு நாள் என்று நீளமான விடுமுறை. அதனால் முந்தின நாளே துறையில் பூஜை. கடைக்காரர்களுக்குத் தராசு, டிரைவர்களுக்கு வண்டி என்பதுபோல எங்களுக்கு மைக்ராஸ்கோப்பும், கிருமியைக் கதகதப்பில் வளர்க்கும் இன்குபேட்டரும். எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைப்போம். அதற்கு முன்னால் லேப்பைக் காலி செய்து கழுவவேண்டும். ஒரு வருடத்து அழுக்கும் நாற்றமும் அன்றைக்குப் போயாகவேண்டும், சரஸ்வதி படம் வைக்கிற அறையில் கெட்டுப்போன கிருமித் தட்டு இருக்கக்கூடாது. இந்த வேலையெல்லாம் லேப் அட்டெண்டர் பக்தவச்சலம் அண்ணன் பொறுப்பு. வருடம் முழுக்க ஆடி அசைந்து நடக்கிற மனிதர், அன்றைக்கு மட்டும் காலை ஏழு மணிக்கே வந்து பம்பரமாகச் சுற்றுவார்.

நான் பட்டுப் பாவாடை கட்டிக்கொண்டு போய் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். அனுப்பிரியா படியேறி வந்தவள் கடைசிப் படியில் நின்றுவிட்டாள். புடவை கட்டியிருந்தாள். கையில் பூச்சரம் இருந்தது.

"ரோஹிணி, இங்க வாயேன்."

"என்னடி?"

"பீரியட்ஸ் வந்துட்ச்சுடி. ட்ரெயின்ல வரும்போதுதான். உள்ள வரலாமா?"

மற்ற மாதங்களில் அவள் அந்த நாட்களிலும் லேப்புக்குள் போகத்தான் செய்தாள். யாரும் அதைப் பற்றி நினைத்ததுகூட இல்லை. அன்றைக்கு அதே அறை பூஜை அறையாகிவிட்டது. அவள் கேட்டது என்னை. எங்கள் வீட்டில் இதெல்லாம் பார்ப்பதில்லை என்று கல்லூரி முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தவள் நான்.

"வேணாம்டி," என்றேன். "சாமி விஷயம். எதுக்கு வம்பு? நீ கீழ உக்காரு, முடிஞ்சதும் நான் பொரி எடுத்துட்டு வரேன்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். கோலம் பாதியில் நின்றது, அதற்காகச் சொன்னேனா? பயமா? எதுவும் இல்லை. வாயில் தானாக வந்தது, அவ்வளவுதான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

அவள் பூச்சரத்தை என்னிடம் கொடுத்தாள். "என் டம்ளர் ஃப்ரிட்ஜுல கீதுடி. ரெண்டாவது தட்டு. கொஞ்சம் பாத்துக்கோ."

"பாத்துக்கறேன், போ."

கோலம் முடித்து, தோரணம் கட்டி, படத்துக்குப் பூ வைத்தேன். கல்ச்சர், ஃப்ரிட்ஜ் எதுவும் என் நினைவில் இல்லை. சந்தனம் கரைக்கப் பாத்திரம் இல்லை. லேப் பீக்கரில் கரைப்பது எனக்கு என்னவோ போலிருந்தது. "அண்ணா, சந்தனம் கரைக்க வூட்டுப் பாத்திரம் மாதிரி எதுனா இருந்தா குடுங்களேன்," என்று அவர் பேச்சு மாதிரியே பேசிக் கிண்டலாகக் கத்தினேன். உள்ளே ஃப்ரிட்ஜைக் காலி செய்துகொண்டிருந்த பக்தவச்சலம் அண்ணன் கொஞ்ச நேரத்தில் ஓர் எவர்சில்வர் டம்ளரைப் பளபளவென்று தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்தார்.

"இந்தாம்மா. நல்லா சோப்பு போட்டுக் கழுவிட்டேன்."

வாங்கினேன். சந்தனத்தைப் போட்டேன், பன்னீர் ஊற்றினேன், கரைத்தேன். பெயர் வெட்டிய பக்கம் என் கைக்குள் இருந்திருக்கவேண்டும். அந்தச் சந்தனத்தைத் தொட்டுத்தான் மைக்ராஸ்கோப், தராசு, இன்குபேட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். துடைத்துக் காலியாக இருந்த ஃப்ரிட்ஜின் கதவிலும் மூன்று இடத்தில் வைத்தேன்.

கிருமித் தட்டுகளை அப்படியே குப்பையில் போடக்கூடாது. ஆவியில் வேகவைத்துக் கிருமியைக் கொன்ற பிறகுதான் போடவேண்டும். அதற்கான பாத்திரத்தை பக்தவச்சலம் அண்ணன் குக்கர் என்பார். பதினோரு மணிக்குக் குக்கர் உஸ்ஸென்று ஆவி விட்டது. பூஜை முடிந்து நான் பொரியும் சுண்டலும் எடுத்துக்கொண்டு கீழே போனபோது, அவள் தூங்குமூஞ்சி மரத்தடியில் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"குக்கர் போட்டாங்களா? இங்க வரைக்கும் வாடை வருது."

"ஆமா, பழைய தட்டெல்லாம்."

"நம்பர் செவன் பத்திரமா கீதா?"

"இருக்குடி. பூஜையில அதையும் சேர்த்துக் கும்பிட்டுட்டேன், போதுமா?"

நான் பார்க்கவே இல்லை. பார்க்காமலேயே சொன்னேன். அவள் நிம்மதியாகப் பொரி சாப்பிட்டாள். அந்த நேரத்தில் நான் உண்மையைச் சொல்லியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது, அதற்குள் எல்லாம் வெந்துவிட்டிருந்தது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வதுண்டு.

லீவு முடிந்து கல்லூரி திறந்த அன்று காலை அவள் எனக்கு முன்னால் லேப்பில் இருந்தாள். நான் உள்ளே போனபோது திறந்த ஃப்ரிட்ஜின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். குளிர் வெளியே போய்க்கொண்டிருந்தது, கதவை மூடவில்லை.

"டம்ளர் எங்கடி?"

பக்தவச்சலம் அண்ணன் பின்னாலிருந்து சிரித்துக்கொண்டே வந்தார். "டம்ளரா? உன்துதானா அது? இதோ கீது பாரும்மா. அன்னிக்கு சந்தனத்துக்கு எடுத்தேன். திரும்பவும் கழுவி பத்திரமா வெச்சிக்கினு கீறேன். வூட்டுப் பாத்திரம் தொலைஞ்சா அம்மா திட்டுவாங்க இல்ல?"

"உள்ள டியூப் இருந்துச்சே அண்ணா. ஆறு டியூப்."

"அதுவா? மேல பேரு ஒண்ணும் இல்லயேம்மா. பழசுன்னு நெனச்சி குக்கர்ல போட்டுட்டேன்."

சொல்லி முடிக்கும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவள் அழவில்லை. டம்ளரை வாங்கி உள்ளே பார்த்தாள், கவிழ்த்துப் பார்த்தாள். பிறகு இன்குபேட்டரைத் திறந்து பார்த்தாள், பழைய தட்டு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று மூலை முடுக்கெல்லாம் தேடினாள். லேப் சுத்தமாக இருந்தது. அவ்வளவு சுத்தமாக அந்த லேப்பை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

நான் அப்போது சொன்னேன், "பாத்திரம் கேட்டது நான்தான்டி." அவள் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை.

சூர்யநாராயணன் சாரிடம் மூன்று பேரும் போனோம். பக்தவச்சலம் அண்ணன்தான் முதலில் பேசினார். "என் தப்பு சார். புள்ளையைத் திட்டாதீங்க." சார் அவரைத் திட்டவில்லை. ஒரு நிமிடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"பூஜைக்கு ஃப்ரிட்ஜைக் காலி பண்ணுவாங்கன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் சார்."

"அன்னிக்கு நீ காலேஜுக்கு வந்தியா?"

"வந்தேன் சார்."

"அப்ப எங்க இருந்த?"

"கீழ சார். மரத்தடியில."

"கல்ச்சர் மேல இருக்கு. உன் ஆறு மாச வேலை மேல இருக்கு. நீ மரத்தடியில என்னம்மா பண்ணிட்டு இருந்த?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அறையில் இரண்டு ஆண்கள், கதவருகில் ரெக்கார்டில் கையெழுத்து வாங்க வந்த வெற்றிவேலும் ஜாய்சனும். என்ன சொல்வாள்? மைக்ராஸ்கோப்பில் கிருமி எப்படி இரண்டாகப் பிரிகிறது என்று படம் போட்டு விளக்கத் தெரிந்தவள், தன் உடம்பில் நடந்ததை ஒரு வார்த்தையில் சொல்ல முடியாமல் நின்றாள். நானும் நின்றேன். என்னால் சொல்லியிருக்க முடியும். 'சார், அவளுக்குப் பீரியட்ஸ், நான்தான் உள்ளே வராதே என்றேன்.' இவ்வளவுதான். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னதை மட்டுமாவது சொல்லியிருக்கலாம், அதையும் சொல்லவில்லை.

சார் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "ரிசர்ச்சுக்கு மூளை ரெண்டாவதும்மா. முதல்ல பொறுப்பு. நான் உன்னைப் பத்தி வேற மாதிரி நெனச்சிருந்தேன்," என்றார். குரலை உயர்த்தவே இல்லை. அவருக்குத் தெரிந்தவரையில் அவர் சொன்னது நியாயம். அதுதான் கொடுமை.

இரண்டு நாள்தான் இருந்தது. அவள் என்னை அழைத்துக்கொண்டு பெருங்களத்தூருக்கு ஓடினாள். மழை ஆரம்பித்திருந்தது. பஜ்ஜிக் கடை அங்கே இல்லை. மழைநீர் கால்வாய் வேலைக்காகக் கடை வரிசையையே எடுத்துவிட்டு, சாக்கடையைத் தோண்டிப் புது கான்கிரீட் போட்டிருந்தார்கள். பல வருடத்து எண்ணெய் மண் லாரியில் ஏறி எங்கோ போய்விட்டது. கடைக்காரர் எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. அவள் குடையை என்னிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து, கான்கிரீட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த ஒரு விரல் அகல மண்ணைச் சுரண்டினாள். செம்மண்ணும் சிமென்டும்தான் வந்தது.

அதை விட்டுவிடவில்லை. புதன்கிழமை போன பிறகும் மூன்று வாரம் வேறு வேறு கடைகளின் பின்பக்கம் அலைந்தாள். இரும்புலியூரில் ஒரு புரோட்டா கடை, சானடோரியத்தில் ஒரு சிப்ஸ் கடை. எந்தத் தட்டிலும் ஒன்பது மில்லிமீட்டருக்கு மேல் வட்டம் விழவில்லை. சார் கோபத்தை மீறி அந்த மேடத்துக்கு எழுதி அவகாசம் கேட்டார். ஒரு வரியில் பதில் வந்தது. இடம் வேறு கல்லூரி மாணவிக்குக் கொடுத்தாகிவிட்டது, அடுத்த வருடம் முயற்சி செய்யவும். அடுத்த வருடம் நாங்கள் அந்தக் கல்லூரியில் இருக்கப்போவதில்லை.

இனி வருவதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அந்த டிசம்பரில் ஆராய்ச்சி லேப்புக்குப் போனது நான். அப்பாவின் அலுவலக நண்பருக்குத் தெரிந்தவர் ஒருவர் கிண்டிப் பக்கம் ஒரு லேப்பில் இருந்தார். இரண்டு போனில் காரியம் முடிந்தது. கிருமி கேட்கவில்லை, மார்க் கேட்கவில்லை. ஆறு வாரம் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டினேன், கேன்டீனில் நல்ல காபி குடித்தேன், சர்டிபிகேட் வாங்கினேன். அதை வைத்து எம்.எஸ்ஸி. இடமும் கிடைத்தது. அனுப்பிரியாவிடம் சொன்னபோது, "சூப்பர்டி. அங்க எந்த மைக்ராஸ்கோப் வெச்சிருக்காங்க?" என்று கேட்டாள். கம்பெனி பெயர்கூட எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவள் அப்பாவிடம் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை. மே மாதம் மாமாவின் கம்பெனியில் சேர்ந்தாள்.

போன மாதம் தாம்பரத்தில் பஸ் ஏறிப் படப்பைக்குப் போய் அவளைப் பார்த்தேன். கேன் கழுவும் இடத்தைத் தாண்டி ஒரு சின்ன அறை, கண்ணாடிக் கதவு, ஏசி. எங்கள் கல்லூரி லேப்பைவிட நன்றாகவே இருந்தது. வெள்ளைக் கோட்டில் அவள் அழகாக இருந்தாள். மாமா நல்லவர், எனக்கு ஜூஸ் வரவழைத்துக் கொடுத்துவிட்டு எங்களைத் தனியாக விட்டுப் போனார். அவள் அலமாரியில் வரிசையாக இருந்த தட்டுகளைக் காட்டினாள். எல்லாம் காலி.

"எதுவும் வளரக்கூடாதுடி இங்க. தினமும் காலையில பாப்பேன். ஒண்ணும் இல்லன்னு எழுதி சைன் போடுவேன். அவ்ளோதான் வேலை."

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "அன்னிக்கு உள்ள வராதேன்னு நான் சொல்லியிருக்கக் கூடாதுடி. டம்ளரைப் பாத்துக்கறேன்னு சொல்லிட்டு பாக்கவும் இல்ல. சார்கிட்டயும் வாயத் தொறக்கல," என்றேன். அழுதுவிட்டேன் என்றும் சொல்லவேண்டும்.

அவள் டிஷ்யூ எடுத்துக் கொடுத்தாள். "நீ சொல்லலனாலும் நான் உள்ள வந்திருக்க மாட்டேன்டி. கடைசிப் படியில நின்னுட்டுத்தானே உன்னையே கூப்ட்டேன். வரணும்னு நெனச்சிருந்தா நேரா வந்திருப்பேன் இல்ல?"

பேச்சை மாற்றுவதற்காக நான், "ஒரு நாள்கூட எதுவும் வளர்ந்ததே இல்லையா?" என்று கேட்டேன்.

"ஒரு தடவ வளந்துச்சு. போன மாசம். தண்ணியில இருந்து இல்ல, காத்துல வந்து வுழுந்திருக்கும். ஓரத்துல ஒரே ஒரு பொட்டு. ஆரஞ்சு கலர்டி, சுத்தி விசிறி மாதிரி மடிப்பு மடிப்பா. அந்த மாதிரி நான் புக்குல கூட பாத்ததில்ல." இதைச் சொல்லும்போது அவள் கை தட்டைப் பிடிக்கிற மாதிரி தானாக மேலே போனது. "ரெண்டு நாள் யாருக்கும் தெரியாம பீரோவுல வெச்சி வெச்சிப் பாத்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, நானே குக்கர்ல போட்டுட்டேன். இங்க யார்கிட்டடி போய்க் காட்டறது?"

நான் எம்.எஸ்ஸி. படிக்கிற இடத்தில் நான்கு லேப் இருக்கிறது. என்னிடம் காட்டியிருக்கலாமே என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.